ஒரு ஸ்டார் பள்ளிக்கூடம்

"நாலரை ஸ்டாரு, அக்கா! நூறு பேருக்கு மேல போட்டிருக்காங்க. இன்னும் என்ன யோசனை உனக்கு?" என்றான் பிளாமென்.

என் தம்பி ஸ்பெயினில் லாரி ஓட்டுகிறான். ஏதோ ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, வாய் நிறைய ரொட்டியோடு, அப்பாவை எங்கே சேர்ப்பது என்று வைபரில் எனக்கு வழி காட்டிக்கொண்டிருந்தான். நான் டான்யூப் கரையில், ரூசே நகரில், எங்கள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, வெந்நீரில் ஊறவைத்த அப்பாவின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். போன் ரொட்டிப் பெட்டியின்மேல் சாய்ந்திருந்தது. அதில் தம்பியின் தாடையும் ஆகாயமும் மட்டும் தெரிந்தன.

"அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு, ஒண்ணரை. கேளு, ஒருத்தர் எழுதியிருக்கார்: 'சூப்பா இது? கருங்கடலையே ஊத்திக் கொடுத்த மாதிரி உப்பு. மனுஷன் குடிப்பானா?' இதுக்கு மேல என்ன வேணும்? அப்பாவுக்கு பிரஷர் வேற."

"எனக்குக் காது இருக்குடா" என்றார் அப்பா நாற்காலி மேலேயிருந்து.

அப்பா தோப்ரி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நாற்பது வருடம் உயரத்தில் உட்கார்ந்து டான்யூப் ஆற்றையும் கப்பல்களையும் கீழே நிற்கும் மனிதர்களையும் பார்த்தே பழகியவர். பக்கவாதத்தில் இடது பக்கம் போன பிறகும் அந்த உயரத்திலிருந்து இறங்கவில்லை. எங்கள் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா அதற்கு முந்தின குளிர்காலமே போய்விட்டாள். கணவர் என்று எனக்கு ஒருவர் இருந்தார். அந்தக் கதை இங்கே வேண்டாம். பகலில் மருந்துக்கடை வேலை, மாலையில் அப்பா, இரவிலும் அப்பா. இரவில் ஐந்தாறு முறை கூப்பிடுவார். தண்ணீர். தலையணை. ஜன்னலைச் சாத்து. ஜன்னலைத் திற. மறுபடியும் தண்ணீர். நான் திட்டிக்கொண்டே எழுந்து போவேன். போன மாதம் கடையில் இருமல் மருந்து கேட்ட ஒரு ஆளின் முன்னால் நின்றபடியே தூங்கி விழுந்தேன். கடை முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "கிராசி, ஏதாவது ஒரு ஏற்பாடு பண்ணு. இல்லேன்னா அவருக்கு முன்னாடி நீ போயிடுவே" என்றார்.

ஏற்பாடு என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. கீழ்வீட்டு மீக்கா அத்தை சொல்லிவிட்டாள். "ரெண்டு பெத்தார் தோப்ரி. ஒண்ணு லாரியில போச்சு, இன்னொண்ணு இவரையே லாரியில ஏத்துது" என்று படிக்கட்டில் நின்று, எனக்குக் கேட்கும்படியாக. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அதே மீக்கா அத்தைதான் என் வேலை நேரத்தில் அப்பாவுக்கு மதியம் தயிர் கொடுப்பவள், அதனால் திருப்பிப் பேசவும் முடியாது.

ஊருக்கு வெளியே, ஒரே சாலையில் இரண்டு முதியோர் இல்லங்கள். குன்றின்மேல் இருப்பதை எல்லோரும் ஓட்டல் என்பார்கள், அப்படிக் கட்டியிருக்கிறார்கள். கீழே கிராமத்தில் இருப்பது பள்ளிக்கூடம். உண்மையிலேயே பள்ளிக்கூடமாக இருந்ததுதான். குழந்தைகள் தீர்ந்துபோனதும் கரும்பலகையைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டார்கள். ஓட்டலில் ஒரே ஒரு கட்டில் காலியாகியிருந்தது. வெள்ளிக்கிழமை வரைதான் பிடித்துவைப்போம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். அப்பா வாய் உள்ளவர், ஆனால் எழுந்திருக்க முடியாதவர். அவரை யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் கொண்டுபோய்விட்டு, அது தெரியாமலே நான் நிம்மதியாக இருந்துவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இருவரும் அப்பாவை நாற்காலியோடு தூக்கிக் கீழே காரில் வைத்தார்கள். அப்பா இரண்டாவது மாடியிலிருந்தே உத்தரவு போட ஆரம்பித்தார். "இடது பக்கம் இறக்கு. இன்னும். நிறுத்து. சரக்கு உடையற சரக்குடா, மெதுவா."

ஓட்டலின் வாசல் கதவு வெள்ளைப் பெயின்ட், ஒரு கீறல் இல்லை. உள்ளே மீன்தொட்டி, காப்பி இயந்திரம், யாரும் உட்கார்ந்த அடையாளமே இல்லாத சோபாக்கள். நிர்வாகி எவெலினா என்னைவிடச் சின்னவள், குரலில் வெண்ணெய் தடவியிருந்தாள்.

"பெரியவரே, உங்களுக்கு நம்ம இடம் ரொம்பப் பிடிக்கும்."

"ஆத்தைப் பாக்க முடியுமா?" என்றார் அப்பா.

"பூங்காவைப் பாக்கலாம்."

"பூங்கா நகராது" என்றார் அப்பா. அதோடு மீன்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பார்க்க வருபவர்களுக்கு ஞாயிறு காலை, கீழ் ஹாலில். அறைக்குள் போகக்கூடாது, கிருமி வந்துவிடும். நல்ல விஷயம்தானே என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வரும்போது அந்தச் சுத்தமான கதவைப் பார்த்து, "வாசல் எவ்வளவு பளிச்சுன்னு வெச்சிருக்கீங்க" என்றேன்.

"அஞ்சலித் தாள் எதுவும் இங்க ஒட்ட விடறதில்லை. மத்தவங்களுக்கு மனசு கஷ்டப்படும் இல்லையா" என்றாள் எவெலினா. விசாரிக்க விரும்பினால் என்று சொல்லி மூன்று குடும்பங்களின் போன் நம்பரையும் கொடுத்தாள்.

எனக்கு அந்த வாசல் பிடித்துப்போனது. எங்கள் நாட்டில் எந்தக் கதவைப் பார்த்தாலும் செத்தவர்கள் அஞ்சலித் தாளிலிருந்து நம்மைப் பார்ப்பார்கள். நாற்பதாம் நாள், ஆறு மாதம், ஒரு வருடம், பத்து வருடம் என்று தாளுக்குமேல் தாள் ஒட்டிக்கொண்டே போவோம். எங்கள் கட்டடத்தின் கதவில் அம்மாவின் படம் வெயிலில் வெளுத்து இப்போது யாரோ மாதிரி இருக்கிறாள். அந்தக் கதவைத் தினமும் தள்ளித் திறந்து அலுத்துப்போன எனக்கு, செத்தவர் யாரும் இல்லாத ஒரு கதவு பெரிய ஆறுதலாக இருந்தது.

திரும்பும் வழியில் பள்ளிக்கூடம். அதன் கம்பிக் கதவைக் கண்டதும் வண்டியின் வேகத்தைக் கூட்டினேன். கதவு எங்கே என்றே தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை தாள்கள், ஒன்றின்மேல் ஒன்று, ஈரத்தில் சுருண்டு, மதில்சுவர்வரைக்கும் பரவியிருந்தன. கெட்டது அண்டாதிருக்க, எங்கள் ஊர் வழக்கப்படி, இடது காது மடலை இழுத்துவிட்டுக்கொண்டேன். தட்டுவதற்கு மரம் கிடைக்காமல் என் தலையில் தட்டிக்கொண்டேன்.

"நிறுத்து" என்றார் அப்பா.

"எதுக்கு?"

"படிச்சுட்டுப் போலாம்."

"அப்பா, இது நியூஸ் பேப்பர் இல்ல."

"எனக்கு இதான் பேப்பர். நிறுத்துன்னா நிறுத்து."

நிறுத்தினேன். கார் கண்ணாடியை இறக்கிவிட்டு அப்பா கண்ணைச் சுருக்கிப் படித்தார். திடீரென்று உற்சாகமாகிவிட்டார். "அட, மிஹால்! எங்க துறைமுகத்து எடைமேடை மிஹால்! இவன் இன்னும் உயிரோட இருக்கான்னுல்ல நெனச்சேன்."

"இங்க வந்தா யாரும் உயிரோட திரும்பறதில்ல போல" என்றேன்.

"ஓட்டல்லேருந்து மட்டும் கல்யாணம் பண்ணிக்கிட்டுத் திரும்பறாங்களா?"

வண்டியை எடுத்தேன். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து விசாரித்தேன். மருந்துக்கடையில் இருப்பதில் ஒரு லாபம், வயதானவர் இருக்கிற வீடெல்லாம் என் கவுன்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். முதலில் என்னோடு வேலை செய்யும் வயலெட்டா. அவள் மாமியார் ஓட்டலில் இரண்டு வருடமாக இருக்கிறாள்.

"அருமை, கிராசி. ஒரு குறை கிடையாது. எனக்கு அவங்க இருக்கறதே மறந்துபோகுது, அவ்வளவு நிம்மதி."

எவெலினா கொடுத்த மூன்று நம்பருக்கும் பேசினேன். ஒரு ஆசிரியை, ஒரு வக்கீல், சோபியாவில் இருக்கும் ஒரு அம்மாள். மூவரும் அருமை என்றார்கள். சுத்தம், அமைதி, மரியாதை. நாலு வாயும் ஒரே வாய் மாதிரி பேசியது. எனக்குச் சந்தேகம் வரவேண்டிய இடம் அது. அசதியில் இருப்பவர்களுக்குச் சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் வராது.

பள்ளிக்கூடத்துக்குச் சாட்சி பெஞ்சோ. நகரப் பேருந்து ஓட்டுநர், கழுத்து இல்லாத மனிதர், அவர் அம்மா அங்கே மூன்று வருடமாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் எப்படி என்று நான் கேட்டதுதான் தாமதம், அவருக்குப் பின்னால் நின்ற வரிசையே அவர் சொன்னதைக் கேட்டது.

"பள்ளிக்கூடமா? வாயைக் கிளறாதீங்க மேடம்! சூப்புன்னு ஒண்ணு போடறாங்க, கருங்கடலை ஊத்தின மாதிரி. எங்கம்மா ரூம் ஜன்னல் ஓரம் காத்து வருது, மார்ச்லேருந்து சொல்றேன், இப்பதான் பஞ்சு அடைச்சிருக்காங்க. ராத்திரி டியூட்டில ஒருத்தி இருக்கா, காலைத் தேச்சுத் தேச்சு நடப்பா, எங்கம்மாவுக்குத் தூக்கமே கெட்டுப்போகுது. பக்கத்துக் கட்டில் அம்மா எங்கம்மாவோட பிஸ்கட்டைத் திருடறா. திருடிட்டு அவங்களுக்கே நீட்டறா! போன வியாழக்கிழமை நான் போறப்ப அம்மாவுக்கு யாரோ ஒருத்தியோட காலுறை போட்டுவிட்டிருக்காங்க. பச்சை! எங்கம்மா வாழ்க்கையில பச்சை போட்டதில்ல!"

"அப்ப ஏன் மாத்தலை?"

"மாத்தவா? எதுக்கு?" என்று என்னைப் பைத்தியம் போலப் பார்த்துவிட்டு, மருந்துகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கணக்குத் தெளிவாக இருந்தது. ஒரு பக்கம் நாலு பேர் அருமை, இன்னொரு பக்கம் பச்சைக் காலுறை. அன்று மாலையே எவெலினாவுக்குப் போன் செய்து வெள்ளிக்கிழமை வருகிறோம் என்றேன். தம்பி கட்டைவிரல் படம் மூன்று அனுப்பினான். அப்பாவிடம் சொன்னபோது, "சரி. மீன் இருக்கில்ல" என்றார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் பெஞ்சோ மறுபடி வந்தார். இந்த முறை கையில் புண்ணுக்குத் தடவும் களிம்பின் பெயர். அம்மாவுக்கா என்று கேட்டேன்.

"இல்ல, அந்த பிஸ்கட் திருடிக்கு. முதுகுல படுக்கைப்புண் வரப்பாக்குது. அவ மகன் இங்கிலாந்துல. நான் பாத்துட்டு தோன்காகிட்ட கத்தினேன், நர்ஸ் தோன்கா. அவ எங்கிட்ட திருப்பிக் கத்திட்டு, 'போய் வாங்கிட்டு வா, வெட்டியாத்தானே நிக்கிற'ன்னுட்டா. பாருங்க, காசையும் வாங்கிக்கிட்டு நம்மளையே வேலை வாங்கறாங்க!"

களிம்பை எடுத்துக் கொடுத்தேன். அவர் போனபிறகும் கையில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல இருந்தது. இந்த மனிதருக்கு அடுத்த கட்டிலில் இருக்கும் கிழவியின் முதுகுகூடத் தெரிந்திருக்கிறது. வயலெட்டா அலமாரியில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வயலெட்டா, உன் மாமியார் பக்கத்துக் கட்டில்ல யாரு?"

"யாரோ ஒரு அம்மா."

"பேரு?"

"தெரியலையே. ஏன்?"

"உன் மாமியார் காலைல என்ன குடிக்கறாங்க அங்க? டீயா, பாலா?"

வயலெட்டா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "வீட்டுல டீதான் குடிப்பாங்க" என்றாள்.

"அவங்க ரூமை நீ பாத்திருக்கியா?"

"சேத்த அன்னிக்கிப் பாத்தேன். அப்புறம் ஹாலுக்குத்தான் கூட்டிட்டு வருவாங்க. தலை வாரி, பவுடர் போட்டு... அழகா இருப்பாங்க கிராசி. பேச மாட்டாங்க, ஆனா அழகா இருப்பாங்க." அதைச் சொல்லிவிட்டு அவள் உள்அறைக்குப் போனாள். திரும்பி வரும்போது மூக்கு சிவந்திருந்தது. நான் கேட்டிருக்கக் கூடாதோ என்று எனக்கே சங்கடமாகிவிட்டது.

மூன்று நம்பருக்கும் மறுபடி போன் செய்தேன். வக்கீல், சாப்பாட்டு அறைக்குள் தான் போனதில்லை என்றார். சோபியா அம்மாள் போனை எடுக்கவில்லை. ஆசிரியை மட்டும், "இதெல்லாம் எதுக்கும்மா இப்படித் தோண்டறீங்க? நிம்மதியா இருக்கோம், விடுங்களேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. ஓட்டல் குடும்பங்கள் எதையும் பார்க்கவில்லை, அதனால் அருமை என்கின்றன. பெஞ்சோ வாரத்துக்கு இரண்டு முறை உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்க்கிறார், அதனால் குறை சொல்கிறார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். நான் குறைகளை எண்ணிப் பள்ளிக்கூடத்தைத் தள்ளிவிட்டேன். அந்தக் குறைகளைப் பார்க்க அவரை உள்ளே விட்டது யார் என்று யோசிக்கவில்லை.

அதற்காக நான் துள்ளிக் குதிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஓட்டல்தான், அப்பாவுக்காக இல்லை, எனக்காக. வயலெட்டாவைப்போல மறந்துபோக வேண்டும், ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஹாலில் உட்கார்ந்துவிட்டு வந்து, மிச்ச நாளெல்லாம் படுத்துத் தூங்க வேண்டும். பள்ளிக்கூடம் என்றால் மறுபடியும் ஓட்டம், சூப்பு, ஜன்னல், யாருடைய காலுறை என்று சண்டை. அப்பாவைக் கொண்டுபோய்விட்ட பிறகும் அப்பா தீரமாட்டார். இதை நினைத்தபோது கடையிலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை விடுப்பு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போனேன். கம்பிக் கதவின் தாள்களுக்கு நடுவே கைப்பிடியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தேடும்போது படித்துவிட்டேன். பாதித் தாள்களில் ஒட்டியவர் பெயராகப் பிள்ளைகள் இருந்தார்கள். மீதியில் 'இரண்டாம் மாடித் தோழிகள்', 'அடுத்த கட்டில் நண்பன்', 'சீட்டுக்கட்டுக் கோஷ்டி' என்று இருந்தது. மிஹாலுக்குப் புதிதாக ஒட்டிய தாளில் ஆறு மாதம் என்று போட்டு, பசை இன்னும் ஈரமாக இருந்தது.

வாசலில் என்னை யாரும் யார் என்று கேட்கவில்லை. முன்பு வகுப்பறையாக இருந்த கூடத்தில் பத்துப் பதினைந்து கிழவர்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, காகிதக் கோப்பைகளில் வேகவைத்த கோதுமையும் சர்க்கரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செத்தவர் நினைவாகப் பங்கிடுவது அது, மிஹாலின் ஆறாம் மாதத்துக்கு அவர் மகள் கொண்டுவந்தது. அந்த மகள் ஓரமாக நின்று, வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு குண்டு அம்மாளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா இருந்தப்பவே சொன்னேன் அந்தத் திரையை மாத்துங்கன்னு. இன்னும் அதே கந்தல் தொங்குது!"

"உங்கப்பா செத்து ஆறு மாசமாச்சு. இப்ப அந்தத் திரை உனக்கு எதுக்கு?"

"இப்ப அங்க படுத்திருக்கற மனுஷனுக்கு வெயில் படாதா?"

"நீ ஒரு திரை தெச்சுக் கொண்டா. நான் மாட்டறேன்."

"கொண்டாரேன். கொண்டாராம விடுவேனா?"

குண்டு அம்மாள்தான் தோன்கா. என்னைப் பார்த்ததும், "நீ யாரும்மா? கோதுமை சாப்பிட்டியா?" என்று ஒரு கோப்பையைக் கையில் திணித்தாள். நான் வந்த காரியத்தைச் சொல்லிவிட்டு, வாசலில் இப்படி ஒட்டியிருப்பது புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்தாதா என்று கேட்டேன்.

"பயந்து ஓடறவங்க ஓடட்டும். வேற எங்க ஒட்டுவாங்க சொல்லு? டவுன் வீட்டை வித்தாச்சு, இல்ல வாடகைக்கு விட்டாச்சு. அந்தக் கதவுல இவங்க மொகத்தை யாரு பாக்கப்போறா? இவங்க வாசல் இதானே" என்றாள் தோன்கா. "ஒட்ட வர்றவங்க உள்ள வராம போகமாட்டாங்க. வந்தா ஏதாவது ஒண்ணு குத்தம் சொல்லாம போகமாட்டாங்க. இதோ இவளைப் பாத்தல்ல? அப்பனே இல்ல, இன்னும் வந்து என் உசுரை வாங்கறா."

கோதுமை நன்றாக இருந்தது. செத்தவர் இல்லாத கதவு என்று நான் மயங்கிய அந்தக் கதவுக்குச் செத்தவரின் மகள் யாரும் திரும்பி வந்ததில்லை என்பது, அதை மென்றுகொண்டிருக்கும்போது புரிந்தது. சூப்பைக் கேட்டு வாங்கி ஒரு கரண்டி குடித்தேன். பெஞ்சோ சொன்னதில் பொய் இல்லை, தாங்க முடியாத உப்பு.

"உப்பு ஜாஸ்தி" என்றேன்.

"ஆரம்பிச்சுட்டியா?" என்றாள் தோன்கா. "உங்கப்பாவை இன்னும் இங்க சேக்கவே இல்ல."

வைபரில் பிளாமென் குதித்தான். "ஒரு ஸ்டாருக்கா! ஒரே ஒரு ஸ்டாரு! அப்பாவை என்ன நெனச்சே நீ?"

"அந்த ஒரு ஸ்டாரைப் போட்டது பெஞ்சோடா. அவங்கம்மாவை மூணு வருஷமா அங்கதான் வெச்சிருக்கார்."

"அப்ப ஏன் அப்படித் திட்டி எழுதினார்?"

"வாரம் ரெண்டு தடவை போறவரு, திட்டறார். நீ அடுத்த வருஷம் வந்து நாலரை போடு."

அவன் தாடை திரையைவிட்டு விலகியது, ஆகாயம் மட்டும் தெரிந்தது. நான் சொன்னது அவனைக் குத்திவிட்டது, குத்தத்தான் சொன்னேன். பிறகு பாவமாகிவிட்டது. "சாப்பிட்டியாடா?" என்று கேட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். நாலு மாடி இறங்கும்போது இந்த முறை அவர் உத்தரவு எதுவும் போடவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. மீக்கா அத்தை கதவைத் திறக்காமலே, துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறையில் மூன்று கட்டில், ஜன்னலோரம் அப்பாவுக்கு. ஆறு தெரியவில்லை, ஒரு கோழிக்கூடு தெரிந்தது. "நகருது" என்றார் அப்பா. வீட்டுக்கு வந்து, அவர் கட்டிலைப் பார்க்க முடியாமல் கதவைச் சாத்தினேன். அன்று இரவு யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் அந்தந்த நேரத்துக்கு விழித்துக்கொண்டு, இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். மறுநாளும் அப்படியே. தூக்கம் கிடைக்கும் என்றுதானே இவ்வளவும் செய்தேன், அதுவும் கிடைக்கவில்லை என்று அழுகை வந்தது.

அடுத்த வியாழக்கிழமை போனேன். அப்பாவின் சட்டையில் பித்தான் தப்பாகப் போட்டிருந்தது. தோன்காவைப் பிடித்துச் சொன்னேன். "அவரே போட்டது. நான் போட வந்தா கையைத் தட்டிவிடறார்" என்று என்னைவிடச் சத்தமாகச் சொன்னாள். தலையணை உறை ஈரம். அதையும் சொன்னேன். மதியம் சூப்பைக் குடித்துப் பார்த்து அதையும் சொன்னேன். சொல்லி முடித்து, கொட்டாவி விட்டுக்கொண்டே அறைக்குத் திரும்பினேன். அப்பா சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் இருந்தார்.

"படு" என்றார், கட்டிலைக் காட்டி.

"நோயாளி கட்டில்ல நான் படுக்கறதா? யாராவது பாத்தா?"

"பாத்தா என்ன, ரெண்டு பேருக்கும் சேத்து சூப்பு கொடுப்பாங்க. படுன்னா படு."

செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் முதுகைச் சாய்க்கலாம் என்றுதான் படுத்தேன். பக்கத்துக் கட்டில் கிழவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வெளியே யாரோ காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்கள். அவ்வளவுதான் தெரியும்.

பேச்சுக்குரல் கேட்டு விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கவில்லை. என்மேல் யாரோ போர்வை போட்டிருந்தார்கள். தோன்கா யாருக்கோ அறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். புதிய ஒரு பெண்ணின் குரல், என்னைப்போலவே களைத்த குரல்.

"ஐயா, அங்க படுத்திருக்கறது...?"

"என் பொண்ணு. மெதுவாப் பேசுங்க" என்றார் அப்பா. "வீட்டுல இருந்தப்ப ராத்திரி ஒரு நாள் அவளை நான் தூங்க விட்டதில்ல. கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். தண்ணி வேணும், ஜன்னலை மூடுன்னு. பாதி நாள் எதுவும் வேண்டியிருக்காது."

"அப்புறம் எதுக்குக் கூப்பிடுவீங்க?"

"வர்றாளான்னு பாக்கத்தான்."

எழுந்து நாலு கேள்வி கேட்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. எத்தனை இரவு, எவ்வளவு குளிரில், வெறுங்காலோடு ஓடியிருப்பேன். ஆத்திரத்தோடு சேர்ந்து அழுகையும் வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணின் காலடிச் சத்தம் அப்பாவின் பக்கம் நெருங்கியது. பிறகு, தோன்கா நகர்ந்துவிட்டாள் என்று பார்த்துக்கொண்டாளோ என்னவோ, குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் கேட்டாள். "இங்க கூப்பிட்டா வர்றாங்களா, ஐயா?"

"வர்றாங்க" என்றார் அப்பா. "திட்டிக்கிட்டே வர்றாங்க."